டயர் மேல பழி போடறதுக்கு முன்னாடி: ரோடுலயும் டிராக்லயும் ஓடுற காருக்கு அறிகுறி பாத்து டயர் முடிவு பண்றது

"எந்த டயர் போடலாம்"னு கேக்கறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணு தான், இப்ப இருக்கற டயர் என்ன பண்ணுது? முக்காவாசி பேர் "கிரிப் பத்தல"ன்னு சொல்வாங்க. டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்திருக்கற மாதிரி தான் அது. எத்தனாவது லேப்ல (டிராக்கை ஒரு முழு சுத்து) பத்தல, சூடானப்புறமா ஆறி இருக்கும்போதா, முன்னாடியா பின்னாடியா, டயர்ல எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு, இதெல்லாம் தெரிஞ்சா தான் அடுத்த டயர் பத்தி பேசவே முடியும். நான் இது தெரியாம ஒரே வருஷத்துல ரெண்டு செட் மாத்தினவன். மூணாவது செட்டும் அதே இடத்துல அதே மாதிரி தேய ஆரம்பிச்சப்புறம் தான் தரையில முட்டி போட்டு உக்காந்து டயரைப் பாத்தேன்.

கையில மூணு சாமான் வேணும். நல்ல பிரஷர் கேஜ் ஒண்ணு (காத்தை கொஞ்சம் கொஞ்சமா இறக்கற பட்டன் இருந்தா இன்னும் நல்லது), சாக்பீஸ் ஒண்ணு, ஒரு நோட்டு. சூட்டை அளக்க ஊசி வச்ச தெர்மாமீட்டர் இருந்தா அமோகம். தூரத்துல இருந்து லைட் அடிச்சு அளக்கற இன்ஃப்ராரெட் கன் மேல்தோல் சூட்டை மட்டும் தான் காட்டும், நீங்க பிட்டுக்குள்ள (டிராக் ஓரமா காரை நிறுத்தற இடம்) மெதுவா உருட்டிட்டு வர்றதுக்குள்ள அந்தத் தோல் ஆறிடும், அதை நம்பி முடிவு எடுக்காதீங்க.

இனி அறிகுறி வாரியா போலாம்.

முதல் மூணு லேப் சூப்பர், அப்புறம் சோப்பு தடவின மாதிரி வழுக்குது

அதிகமா வர்ற புகார் இது தான், அதிகமா தப்பா புரிஞ்சுக்கறதும் இதைத் தான். உடனே "டயர் மட்டம்"னு முடிவு கட்டிடறாங்க.

முதல்ல காத்தைப் பாருங்க. கார் கதவுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல போட்டிருக்கற பிரஷர், ஆறின டயருக்கு, ரோடுக்கு, ஃபுல் லோடுக்கு எல்லாம் சேத்து கம்பெனி கொடுத்தது. அதே பிரஷரோட டிராக்ல இறங்கினா என்ன ஆகும்னா, டயருக்குள்ள இருக்கற காத்தோட சூடு 10 டிகிரி ஏறினாலே சுமாரா ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும், நல்லா அடிச்சு ஓட்டினா உள்ள காத்து 50 டிகிரி கூட ஏறும், அப்ப 34ல கிளம்பின டயர் 42ஐத் தொட்டிருக்கும். அந்த நிலைமையில டயர் பலூன் மாதிரி நடுவுல உப்பிக்கிட்டு நிக்கும், ரோட்டைத் தொடற பரப்பு சுருங்கும், சுருங்கின பரப்பு இன்னும் சூடாகும், சூடானா பிரஷர் இன்னும் ஏறும். அந்த வழுக்கல் அங்க இருந்து தான் வருது.

அதனால ஆறின பிரஷரை மறந்துடுங்க, சூட்டு பிரஷரைப் பிடிங்க. ரோடுலயும் ஓட்டற டயருக்கு, நடுத்தர எடை கார்ல, பொதுவா சூடா 32லேருந்து 36க்குள்ள எங்கயோ தான் அதோட நல்ல இடம் இருக்கும். எடை குறைஞ்ச சின்ன கார்னா இன்னும் கீழ. நாலஞ்சு லேப் ஒழுங்கா அடிச்சிட்டு, கூல் டவுன் லேப்னு சுத்தி டயரை ஆற விடாம, நேரா பிட்டுக்கு வந்து ரெண்டு நிமிஷத்துக்குள்ள நாலு டயரையும் அளந்து நோட்டுல எழுதுங்க. ஏறியிருக்கறதை இறக்குங்க. நாலு டயரும் ஒரே மாதிரி ஏறாது, வலது பக்க கார்னர் ஜாஸ்தி இருக்கற டிராக்ல இடது பக்க டயர் தான் பாரம் சுமக்கும், அது கூட ஏறும், அதனால அடுத்த தடவை ஆறின நிலையிலயே அந்தப் பக்கம் ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ கம்மியா ஆரம்பிக்கணும். ஏற்றம் லேப்புக்கு லேப் தாறுமாறா இருந்தா உள்ள ஈரக்காத்து இருக்கானு யோசிங்க, கம்ப்ரஸர்ல தண்ணி நின்னா அந்த ஈரமும் டயருக்குள்ள போய் ஆவியாகி பிரஷரை ஏத்தும். நைட்ரஜன் அடிக்கறதுல இருக்கற உண்மையான லாபமும் அந்த வறட்சி தான், மத்தபடி மாயம் ஒண்ணும் கிடையாது.

பிரஷர் சரி பண்ணியும் நாலாவது லேப்லயே படுத்துக்குதா? இப்ப தான் டயர் மேல சந்தேகப்படலாம். நல்ல ரோடு ஸ்போர்ட்ஸ் டயர், உதாரணமா மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் வகையறா, மழை, குளிர், சத்தம், ஆயுசு எல்லாத்தையும் யோசிச்சு பண்ணினது. ட்ரெட் (ரோட்டைத் தொடற பக்கத்து பட்டன்) ஆழமா இருக்கும், அந்த ரப்பர் கட்டங்க கார்னர்ல அப்படியும் இப்படியும் நெளியும், நெளியறதே சூடு. ரெண்டு மூணு லேப் வேகமா, ஒரு லேப் மெதுவானு ஓட்டறவங்களுக்கு அது போதும். இருபது நிமிஷம் விடாம அடிக்கறவங்களுக்குப் பத்தாது.

அடுத்த படி, ட்ரெட்வேர் 200னு (டயர் பக்கவாட்டுல இருக்கற தேய்மான நம்பர், கம்மியா இருந்தா சீக்கிரம் தேயும்) போட்டிருக்கற கூட்டம். பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்ஈ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் ஏ052, ஹான்குக் வென்டஸ் ஆர்எஸ்4 எல்லாம் இங்க வரும். மூணுலயும் 200னு தான் எழுதியிருக்கும், ஆனா மூணும் மூணு குணம். ஏ052 ஒரு லேப் ராஜா, சீக்கிரம் சூடாகி ஒட்டிக்கும், அதே வேகத்துல ஜாஸ்தி சூடாகி சோர்ந்தும் போயிடும். ஆர்எஸ்4 ஒரு லேப்புக்கு கொஞ்சம் மெதுவு, ஆனா மணிக்கணக்கா ஓடினாலும் அசராது, அதான் நீண்ட நேர ரேஸ் ஓட்டறவங்க அதைத் தேடிப் போறாங்க. இந்த ட்ரெட்வேர் நம்பர் இருக்கே, அது டயர் கம்பெனி தானே டெஸ்ட் பண்ணி தானே போட்டுக்கற நம்பர். ஒரே கம்பெனியோட ரெண்டு டயரை ஒப்பிட உதவும், வேற வேற கம்பெனி டயரை அதை வச்சு எடை போட்டா ஏமாறுவீங்க.

முதல் லேப்லயே, இல்ல காலையில வீட்டுல இருந்து கிளம்பும்போதே பிடிமானம் இல்ல

மேல சொன்னதுக்கு நேர் எதிர். உங்க டயர் உங்க உபயோகத்துக்கு மேல்படி ஆயிடுச்சு. டோயோ ஆர்888ஆர் மாதிரி ட்ரெட்வேர் 100 போட்ட செமி ஸ்லிக் டயரை (பட்டன் கம்மியா, ரேஸ் டயருக்குப் பக்கத்துல இருக்கறது) மாட்டிக்கிட்டு குளிர்ந்த காலையில ஆபீஸ் போனா, அந்த ரப்பர் அதோட வேலை செய்யற சூட்டுக்கு வரவே வராது. டிராக்ல வெண்ணெய் மாதிரி ஒட்டற காம்பவுண்ட், ஆறி இருக்கும்போது பிளாஸ்டிக் மாதிரி. கட்டை விரல் நகத்தை ட்ரெட்ல அழுத்திப் பாருங்க, சூடா இருக்கும்போது பதியும், காலையில பதியாது.

சாதாரண சம்மர் டயருக்கே 7 டிகிரிக்குக் கீழ போனா இறுக ஆரம்பிக்கும். செமி ஸ்லிக்க உறைநிலைக்குப் பக்கத்துல வச்சு ஓட்டினா, ஏன் சும்மா உருட்டினா கூட, ரப்பர்ல வெடிப்பு விழலாம். குளிர் ஊர்ல இருக்கறவங்க அதை ஷெட்ல மாட்டி வைக்கறதா இருந்தாலும் கதகதப்பான இடமா பாருங்க.

வெளி ஓரம் மட்டும் மொட்டை, உள்பக்கம் புதுசு மாதிரி இருக்கு

என்னோட ரெண்டு செட்டை முழுங்கின பிரச்சினை இது தான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முன் டயர் ரெண்டையும் கழட்டி நிமித்தி வச்சுப் பாத்தேன். உள்பக்கம் பட்டன் ஆழமா, அச்சுல வார்த்தப்ப வந்த சின்னச் சின்ன ரப்பர் முடி கூட அங்கங்க அப்படியே இருக்கு. வெளி ஓரத்துக்கு விரலைக் கொண்டு போனா ட்ரெட் முடிஞ்சு சைடுவால் ஆரம்பிக்கற அந்த முனையே இல்ல, உருண்டையா வழிச்சு எடுத்த மாதிரி, அதுக்கும் கீழ சைடுவால்ல எழுத்து ஆரம்பிக்கற இடம் வரைக்கும் சாம்பல் கலர்ல உரசின தடம். டயர் தன்னோட காலை விட்டுட்டு கணுக்கால்ல நடந்திருக்கு.

காரணம் கேம்பர், அதாவது முன்னாடி இருந்து பாத்தா சக்கரம் எத்தனை டிகிரி சாஞ்சு நிக்குதுங்கறது, மேல்பக்கம் உள்ள சாஞ்சா மைனஸ். ரோடு கார்ல கம்பெனி கொடுக்கற கேம்பர் பெரும்பாலும் மைனஸ் ஒண்ணுக்குள்ள தான் இருக்கும், டயர் சமமா தேயணும், ஆள் பயப்படாம ஓட்டணும்னு. கார்னர்ல கார் சாயும்போது, அதுவும் முன்னாடி மெக்பெர்சன் ஸ்ட்ரட் (நிறைய ரோடு கார்ல இருக்கற எளிமையான சஸ்பென்ஷன்) வச்ச கார்ல, டயரும் கூடவே சாஞ்சு வெளி ஓரத்துல நிக்கும். இதுக்கு மேல ஒட்டற டயர் போட்டா என்ன ஆகும்? கார்னர் வேகம் ஏறும், கார் இன்னும் சாயும், வெளி ஓரம் இன்னும் சீக்கிரம் போகும். நான் ஒவ்வொரு தடவையும் இதைத் தான் பண்ணிக்கிட்டு இருந்தேன், நோய்க்கு மருந்துனு நினைச்சு நோயையே வாங்கிக்கிட்டு வந்தேன். டயர் மாட்டின கடைக்காரரும் ஒரு தடவை கூட "அலைன்மெண்ட் என்ன வச்சிருக்கீங்க"ன்னு கேக்கல, அவருக்கென்ன, டயர் வித்தா சரி.

பரிசோதனை சுலபம். ட்ரெட்டோட வெளி ஓரத்துல இருந்து சைடுவால் வரைக்கும் சாக்பீஸால கோடு போடுங்க, ஒரு டயருக்கு மூணு இடத்துல. நாலு லேப் ஓட்டிட்டு வாங்க. நிறைய டயர்ல ஷோல்டர்ல (ட்ரெட்டும் சைடுவாலும் சேர்ற முனை) ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும், சாக்பீஸ் கோடு அந்த முக்கோணத்து முனை வரைக்கும் அழிஞ்சிருந்தா சரி. அதைத் தாண்டி கீழ அழிஞ்சிருந்தா டயர் உருள்றது ஜாஸ்தி, பிரஷர் கம்மி இல்லாட்டி கேம்பர் கம்மி. முக்கோணத்துக்கு எட்டவே இல்லைன்னா பிரஷர் ஜாஸ்தி. ஊசி தெர்மாமீட்டர் இருந்தா உள்பக்கம், நடு, வெளிப்பக்கம்னு மூணு இடத்துல குத்துங்க. உள்பக்கம் வெளிய விட 5லேருந்து 10 டிகிரி சூடா இருந்தா நல்ல கேம்பர். வெளிப்பக்கம் சூடா இருந்தா மைனஸ் கேம்பர் இன்னும் வேணும். நடு மட்டும் தனியா சூடுன்னா காத்து ஜாஸ்தி.

ரோடும் டிராக்கும் ஓடுற காருக்கு முன்னாடி மைனஸ் ரெண்டுல இருந்து ரெண்டரை நல்ல சமரசம். டிராக் மட்டும்னா மூணு கூட போகலாம். "கேம்பர் ஏத்தினா ரோடுல உள்பக்கம் தேஞ்சிடுமே"ன்னு எல்லாரும் பயப்படறாங்க, உண்மையில ரோடுல உள்பக்கத்தை அரைக்கறது கேம்பரை விட டோ (மேல இருந்து பாத்தா சக்கரம் நேரா இல்லாம உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கறது) தான். டோவை பூஜ்யத்துக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டா ரெண்டு டிகிரி கேம்பர் ரோடுல பெரிய தொந்தரவு தராது.

ரிம்மையும் ஒரு கண் பாருங்க. 8 இன்ச் ரிம்ல 255 டயரை அமுக்கி மாட்டிட்டு "அகல டயர், ஜாஸ்தி கிரிப்"னு சந்தோஷப்படறவங்க இருக்காங்க. குறுகலான ரிம்ல அகல டயர் போட்டா சைடுவால் பானை வயிறு மாதிரி வெளிய தள்ளிக்கிட்டு நிக்கும், கார்னர்ல அது தான் முதல்ல மடங்கும். அதே ரிம்ல 235 போட்டா ஸ்டியரிங் கூர்மையா இருக்கும், பல நேரம் லேப் டைமும் மோசமாகாது.

ஏற்கனவே வெளி ஓரம் போன டயரைக் காப்பாத்தணும்னா, சுத்தற திசை மட்டும் குறிச்ச டயரா இருந்தா ரிம்ல இருந்து கழட்டி திருப்பி மாட்டி காரோட மறுபக்கத்துக்கு மாத்துங்க, திசையும் சரியா இருக்கும், நல்ல ஓரம் வெளிய வரும். உள்பக்கம் வெளிப்பக்கம்னு எழுதியிருக்கற டயர்ல இந்த வித்தை நடக்காது. ஆனா கம்பி வெளிய எட்டிப் பாக்குதுன்னா விட்டுடுங்க, அது குப்பை.

உள்பக்கம் மட்டும் தேயுது, கை வச்சா ரம்பம் மாதிரி இருக்கு

டோ. ஒரு பக்கமா தடவினா வழவழன்னு இருக்கும், மறுபக்கமா தடவினா ரம்பப் பல்லு மாதிரி கையில மாட்டும். ரோடுல ஹ்ம்ம்ம்னு ஒரு முனகல் சத்தமும் வரும், சில பேர் அதை வீல் பேரிங்னு நினைச்சு பேரிங் மாத்துவாங்க. அலைன்மெண்ட் பாருங்க, டயரைக் குத்தம் சொல்லாதீங்க.

புது டயர், ட்ரெட் கட்டி கட்டியா பிச்சுக்கிட்டு வருது

பணம் கொட்டி வாங்கின புது டயரை ஒரே நாள்ல இப்படிப் பாக்கறது வயித்தெரிச்சல். ஷோல்டர்ல இருக்கற கட்டங்க ஓரம் கிழிஞ்சு, நகக்கண் அளவுக்கு துண்டு துண்டா காணாம போயிருக்கும், மிச்சம் இருக்கற இடம் லேசா நீலம் பாய்ஞ்சு மினுமினுக்கும், கிட்ட முகத்தைக் கொண்டு போனா கருகின வாடை.

பெரும்பாலான நேரம் டயர்ல குறை இல்ல, ஆழம் தான் குறை. புது ரோடு டயர்ல சுமார் 8 மி.மீ. ட்ரெட் இருக்கும், உயரமான கட்டங்க நெளிஞ்சு நெளிஞ்சு அடியில சூடாகி பிச்சுக்கும். அதே டயர் ரோடுல பாதி தேஞ்சு 4, 5 மி.மீ. ஆனப்புறம் டிராக்ல ஓட்டிப் பாருங்க, இறுக்கமா, பதில் சொல்ற மாதிரி, கிழியாம ஓடும். ரேஸ் ஓட்டறவங்க புது டயரையே மெஷின்ல வச்சு சீவி எடுக்கறது இதுக்காகத் தான். உங்ககிட்ட அந்த மெஷின் இல்லாட்டியும் ரோடு இருக்கு. புது டயரை மழைக்காலத்துக்கு ரோடுல ஓட்டுங்க, பாதி ஆனதும் டிராக் நாளுக்கு எடுத்துக்கிட்டு போங்க. மழை பெய்யற டிராக் நாளுக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது.

இன்னொண்ணு, புது டயரை எடுத்த எடுப்புல முழு வீச்சுல ஓட்டாதீங்க. முதல் ஓட்டம் மெதுவா ஏத்தி சூடாக்கி, அப்புறம் ஒரு நாள் சும்மா ஆற விடுங்க. ரப்பர் ஒரு தடவை சூடாகி ஆறி செட்டில் ஆனா ஆயுசு நல்லா வரும்.

டயர் மாத்தினதுல இருந்து மூக்கு திரும்பல, இல்ல வால் ஆடுது

முன்னாடி ஒரு டயர் பின்னாடி ஒரு டயர்னு மாட்டியிருக்கீங்களானு முதல்ல பாருங்க. "பின்னாடி மட்டும் தேஞ்சுது, பின்னாடி மட்டும் நல்லதா போட்டேன்"னா மூக்கு நேரா போகத் தான் செய்யும். முன்னாடி மட்டும் ஒட்டற டயர் போட்டா இன்னும் மோசம், டிராக் கார்னர்ல ஆக்சிலரேட்டரை விட்டதும் வால் சுத்திக்கிட்டு முன்னாடி வரும், ரோடுல ஈரத்துல அது நடந்தா கேக்கவே வேணாம்.

நாலும் ஒரே டயர்னா பிரஷரை வச்சு விளையாடுங்க, எந்தப் பக்கம் வழுக்குதோ அந்தப் பக்கம் ஒரு பிஎஸ்ஐ ஒரு பிஎஸ்ஐயா மாத்திப் பாருங்க. ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாத்தம் தான், ரெண்டை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.

சைஸ் மாத்தியிருந்தா சுற்றளவு கணக்கு போடுங்க. முன்னாடி பின்னாடி வேற வேற சைஸ் வர்ற கார்ல, ஒண்ணை மட்டும் மாத்தினா ரெண்டோட சுத்தற வேகமும் விகிதம் தப்பிடும், ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் குழம்பி, வழுக்காத இடத்துல தலையிடும். நாலு சக்கரமும் இழுக்கற கார்னா இன்னும் உஷாரு, சுற்றளவு வித்தியாசம் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னாடிக்கும் பின்னாடிக்கும் இன்ஜின் இழுவையைப் பிரிக்கற பெட்டி) கிளட்சைத் தின்னுடும். அங்க நாலு டயரும் ஒண்ணா தான் மாத்தணும், செலவுன்னு பாக்கக்கூடாது.

டிராக்ல இருந்து திரும்பும்போது ஸ்டியரிங் நடுங்குது

பயப்படறதுக்கு முன்னாடி டயரைத் தடவிப் பாருங்க. கார்னர் வெளிப்பக்கம் கொட்டிக் கிடக்கற ரப்பர் துகள் சூடான டயர்ல அப்பிக்கிட்டு வந்திருக்கும். கொஞ்ச தூரம் ஓடினா உதிர்ந்துடும்.

உதிர்ந்தப்புறமும் நடுங்கினா மூணு காரணம். ஒண்ணு, பிரேக் லாக் ஆகி ஒரு இடம் தட்டையாயிருக்கும், வேகத்துக்குத் தக்க தட் தட்னு தாளம் வரும். ரெண்டு, ரிம்ல ஒட்டின பேலன்சிங் வெயிட் பிரேக் சூட்டுல பசை இளகிப் பறந்திருக்கும், அதனால டிராக் போறதுக்கு முன்னாடி வெயிட் மேல நல்ல டேப் ஒட்டிடுங்க. மூணாவது பலருக்குத் தெரியாதது, டயரே ரிம்முக்குள்ள நழுவி சுத்தியிருக்கும். வால்வுக்கு நேரா டயர்ல ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வச்சா, திரும்பி வரும்போது கோடு எங்க இருக்குன்னு பாத்தாலே தெரிஞ்சிடும். டயர் மாட்டும்போது தடவின சோப்பு காயறதுக்கு முன்னாடியே டிராக்ல இறங்கினா இது சகஜம், ரெண்டு நாள் முன்னாடியே மாட்டிடுங்க.

பள்ளத்துல இறங்கினப்புறம் சைடுவால்ல கொப்புளம்

உள்ள நூல் அறுந்திருக்கு. அதுல ஓட்டாதீங்க. வேற பேச்சு இல்ல.

ட்ரெட் நல்லா இருக்கு, ஆனா போன வருஷ கிரிப் இல்ல

ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமா இறுகும். ஒட்டற டயரா இருந்தா இது இன்னும் நல்லாத் தெரியும், பட்டன் பாதி இருக்கும்போதே டயர் செத்துப் போயிருக்கும். தேய்மானக் கோடு 1.6 மி.மீ.ல இருக்கு, அது வர்ற வரைக்கும் ஓட்டலாம்னு நினைக்கறது ரோடு டயர் கணக்கு. அதனால நோட்டுல ஓட்டத்தோட எண்ணிக்கையும் எழுதுங்க, மூணு நாள்ல பதினஞ்சு ஓட்டம் ஓடின டயரும், ஒரு வருஷம் ரோடுல ஓடின டயரும் ஒரே ஆழத்துல இருந்தாலும் ஒரே டயர் இல்ல.

பழைய ஸ்டாக்கைத் தலையில கட்டறாங்களானும் பாருங்க. சைடுவால்ல டாட்னு ஆரம்பிக்கற குறியீட்டுல கடைசி நாலு இலக்கம் வாரமும் வருஷமும். 2323னு இருந்தா 2023ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. செமி ஸ்லிக் வகையறா விலை குறைஞ்சு கிடைச்சா நான் முதல்ல பாக்கறது அந்த நாலு இலக்கத்தைத் தான்.

பிரேக் பெடல் உள்ள போகுது, டயர் பிடிக்க மாட்டேங்குது

இது டயரே இல்ல. பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு. டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும்னு விதி, ஈரம் உறிஞ்சினப்புறம் அந்த அளவு 155. நல்ல டயர் போட்டா பிரேக் இன்னும் அழுத்திப் போட முடியும், பிரேக் இன்னும் சூடாகும். அதே மாதிரி கார்னர்ல ஜாஸ்தி பிடிச்சா இன்ஜின் ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி பம்புக்குக் கிடைக்காம போற கார்களும் உண்டு. டயரை ஒரு படி ஏத்தினா மத்ததெல்லாம் ஒரு படி ஏறணும்னு கேக்கும். இந்தச் செலவை யாரும் டயர் வாங்கும்போது சேத்துக் கணக்கு பண்றதில்ல.

மழையில கார் மிதக்குது

லேப் டைமை விட இது தான் எனக்கு முக்கியம், ஏன்னா டிராக்ல வழுக்கினா பெரும்பாலும் புல்லுல போய் நிப்பீங்க, ரோடுல எதிர்ல லாரி வரும்.

1963ல நாசா விமான டயரை வச்சு ஒரு சூத்திரம் கொடுத்துச்சு. பட்டன் முழுகற அளவு தண்ணி நின்னா, பிஎஸ்ஐயோட வர்க்கமூலத்தை ஒன்பதால பெருக்கினா எத்தனை நாட் வேகத்துல டயர் தண்ணி மேல ஏறும்னு கிடைக்கும். 36 பிஎஸ்ஐக்கு 54 நாட், அதாவது மணிக்கு 100 கி.மீ. 25 பிஎஸ்ஐக்கு 45 நாட், சுமார் 83 கி.மீ. கார் டயர் அகலம், வடிவம் எல்லாம் வேற, அதனால இதை அப்படியே எடுத்துக்க முடியாது, ஆனா போற திசை சரி, காத்து கம்மியான டயர் சீக்கிரம் மிதக்கும், அகலமான டயரும் சீக்கிரம் மிதக்கும். பட்டன் ஆழமா இருந்தா தண்ணிக்குப் போக வழி கிடைக்கும், மிதக்கறது தள்ளிப்போகும். செமி ஸ்லிக்ல புதுசா இருக்கும்போதே அந்த வழி கம்மி, பாதி தேஞ்சப்புறம் இல்லவே இல்ல.

அதனால என்னோட கணக்கு இது. வருஷத்துக்கு மூணு நாலு டிராக் நாள், மத்தபடி தினமும் ரோடுன்னா, நல்ல ரோடு ஸ்போர்ட்ஸ் டயரையே வச்சுக்கிட்டு, கேம்பரும் பிரஷரும் சரி பண்ணி, நடுநடுவுல ஆற விட்டு ஓட்டுங்க. மாசத்துக்கு ஒரு டிராக் நாள், கார் மழையில அதிகம் வெளிய போகாதுன்னா 200 வகை ஒரே செட். அதுக்கும் மேல ஓட்டறீங்கன்னா தனியா ரெண்டாவது செட் ரிம், அதுல என்ன வேணா போடுங்க. நடுவுல ஒரு கூட்டம் இருக்கு, தினமும் ஓட்டற கார்ல செமி ஸ்லிக் மாட்டி, மழை வந்தா 60ல உருட்டிக்கிட்டு போற கூட்டம். அவங்க கூட எனக்குப் பல நாள் சண்டை, ஜெயிச்சதில்ல.

எதை வாங்கினாலும் சைஸுக்குப் பின்னாடி இருக்கற லோடு நம்பரையும் வேக எழுத்தையும் காரோட புத்தகத்துல இருக்கறதுக்குக் கீழ இறக்காதீங்க. வி 240 கி.மீ., டபிள்யூ 270, ஒய் 300. ரோடுல ஓட்ட அனுமதி முத்திரை இல்லாத டயரை டிராக்குக்கு ரிம்மோட தூக்கிக்கிட்டு தான் போகணும்.

எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குக் கிளம்பும்போது, இல்ல மறுநாள் காலையில, டயர் லைட் எரியுது

பஞ்சர் இல்ல. சூட்டுல இறக்கின காத்து திரும்பி வரல, அவ்வளவு தான். சூடா 34 இருக்கணும்னு இறக்கி வச்ச டயர் ராத்திரி ஆறினா 26, 27ல நிக்கும். அதோட நெடுஞ்சாலையில ஏறினா சைடுவால் மடங்கி சூடாகும், மழை வந்தா மேல சொன்ன கணக்கு. டிராக்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடி சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச்ல ஒரு தடவை பாத்துட்டு, சின்ன கம்ப்ரஸரை எடுத்து, டயர் இன்னும் இளஞ்சூடா இருக்கறதால ஸ்டிக்கர்ல போட்டதுக்கு ரெண்டு மூணு பிஎஸ்ஐ மேலயே அடிச்சுடுங்க. காலையில ஆறினப்புறம் வீட்டுல கேஜ் வச்சு மறுபடி சரி பண்ணிக்கலாம்.